ஐயா பேனாவை எடைக்குப் போடாதீங்க!

செட்டிநாட்டு மரப்பெட்டியில் தூங்கும் தங்க நிப்பு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு.

பர்மாத் தேக்குத் தூண், பீங்கான் ஜாடி, எனாமல் தூக்குச்சட்டி, ஜெர்மனி கடிகாரம், ரவிவர்மா படம்... இடித்த வீட்டிலிருந்தும், பாகம் பிரித்த வீட்டிலிருந்தும் வந்த சாமான்கள் வாசல்வரை அடுக்கிக் கிடக்கும்.

வெளியூர்க்காரர்கள் கதவுக்கும் தூணுக்கும்தான் பேரம் பேசுவார்கள். சிலபேர் மட்டும் நேராக உள்ளே போய், சில்லறைச் சாமான் கிடக்கும் டப்பாவைக் கிளறுவார்கள். துருப்பிடித்த திருகாணி, ஜோடி இல்லாத சாவி, உடைந்த மூக்குக் கண்ணாடி இவற்றுக்கு நடுவே குழாய் மாதிரி ஏதாவது கையில் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார்கள்.

தேடுவது என்ன? பேனா! மை ஊற்றி எழுதுகிற பேனா!

கிடைத்ததும் விலை கேட்கமாட்டார்கள். மூடியைத் திருகி நிப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். நிப்பு இருந்தால் முகத்தில் சிரிப்பு வரும். நிப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை இருந்தால், "அடடா, பிடுங்கிட்டாங்களே!" என்று பழையபடி டப்பாவிலேயே போட்டுவிடுவார்கள்.

யார் பிடுங்கியது? எதற்காகப் பிடுங்கியது? அதுதான் இப்போது விஷயம்.

அரை கிராம் ஆசை

அந்தக் காலத்து உயர்ந்த பேனாக்களின் நிப்பு தங்கத்தால் ஆனது. முலாம் அல்ல, தங்கமேதான். பெரும்பாலும் 14 காரட். அதாவது நூற்றுக்கு 58 பங்கு தங்கம், மீதி வெள்ளியும் செம்பும். நிப்பின் முதுகிலேயே 14 என்றோ 585 என்றோ பொடி எழுத்தில் முத்திரை இருக்கும். பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும்.

தங்கம் விற்கிற விலையில் இந்த முத்திரைதான் பேனாவுக்கு எமன். பிடுங்கி உருக்கினால் காசு! ஆனால் எவ்வளவு காசு? பல நிப்புகளில் அரை கிராம் எடை தேறினாலே அதிகம். அதிலும் நாற்பது சதவீதம் வேறு உலோகம். கழிவு போகக் கைக்கு வருவதைக் கொண்டு ஒரு மூக்குத்திகூட ஒழுங்காகச் செய்ய முடியாது.

அதே பேனா முழுசாக இருந்தால்? பழைய பேனாவுக்கென்றே அலைகிற ஆட்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். தங்கத்தின் எடையைப்போலப் பல மடங்கு கொடுத்து வாங்குவார்கள். நிப்பு போன பேனாவை எவரும் சீந்தமாட்டார்கள். அந்த அளவுக்கு, அந்த வளைவுக்கு வேறு நிப்பு கிடைப்பது குதிரைக் கொம்பு.

அரை கிராமுக்கு ஆசைப்பட்டு முழுப் பேனாவையும் தொலைக்கிற கதை இது. வீட்டில் ஐயா வைத்திருந்த பேனா இருக்கிறதா? ஆசாரியிடம் ஓடுவதற்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள்!

கடுக்காய் மையின் கடி

நிப்புக்கு எதற்குத் தங்கம்? பணக்காரப் பகட்டா? பகட்டும் உண்டு. ஆனால் முதல் காரணம் மைதான்.

நம் ஊரில் முன்னாளில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் காய்ச்சி மை செய்வார்கள். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியில் உள்ள இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. எழுதினால் தண்ணீர் பட்டாலும் போகாது. சீமையிலும் இதே கதைதான். அங்கே கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தில் வரும் காய் போன்ற முடிச்சு. பத்திரம், பதிவேடு எல்லாம் அந்த மையில்தான் எழுதினார்கள்.

அந்த மையில் புளிப்பு அதிகம். அமிலம்! சாதாரண எஃகு நிப்பை அரித்துத் தின்றுவிடும். கட்டைப் பேனாவுக்குப் பரவாயில்லை. தேய்ந்தால் பைசாவுக்கு வேறு நிப்பு சொருகிக்கொள்ளலாம். நாள் பூராவும் மைக்குள்ளேயே ஊறிக் கிடக்கும் ஊற்றுப் பேனாவுக்கு அது ஆகுமா? தங்கத்தை அமிலம் தொடாது. அதனால்தான் தங்க நிப்பு.

ஆனால் தங்கம் மெத்து. காகிதத்தில் தேய்த்தால் கரைந்துவிடும். அதற்காக நுனியில் மட்டும் ஒரு கடுகில் பாதி அளவுக்கு ஆஸ்மியம், இரிடியம் போன்ற கெட்டி உலோகத்தை ஒட்டினார்கள். பிறகு துருப்பிடிக்காத எஃகு வந்தது. தங்கம் கட்டாயமில்லை என்றாகிவிட்டது.

உலோகத்தை எது அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்பதை ஆராய்ச்சி செய்கிற பெரிய இடம் காரைக்குடியிலேயே இருப்பது ஒரு வேடிக்கை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத்தான் சொல்கிறோம். பாம்பன் பாலத்து இரும்பைப் பிடிக்கிற துருவும், சட்டைப் பையில் இருக்கும் நிப்பைப் பிடிக்கிற துருவும் ஒரே குடும்பம்.

ரங்கூன் கடைக் கணக்கு

சரி, இத்தனை பேனா செட்டிநாட்டுக்கு எப்படி வந்தது?

கொண்டுவிக்கப் போன இடத்திலிருந்துதான்! பர்மா, மலேயா, சிங்கப்பூர், சைகோன், இலங்கை என்று கடல் தாண்டிக் கடை போட்டவர்கள் நகரத்தார். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக அங்குள்ள வங்கித்தொழில் விசாரணைக் குழு கணக்கெடுத்தது.

கடை என்றால் தராசு, படிக்கல் கிடையாது. ஒரு கிட்டங்கி, ஒரு பெட்டி, நாலு ஏடு. பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக ஏறுகிறவர்களுக்கு முதல் பாடமே எழுத்துத்தான். குறிப்பு எழுதணும், பேரேட்டில் ஏற்றணும், ஊருக்குக் கடிதாசி போடணும். மாதக் கணக்கு முதலாளிக்குக் கப்பலில் வரணும். ஒரு புள்ளி தப்பினால் போச்சு!

எழுத்தாணி போய்க் கட்டைப் பேனா வந்தது. மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதவேண்டும். ஒரு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை தொடவேண்டும். 1950-ல் கையெழுத்தான நம் அரசியல் சட்டத்தின் மூலப்பிரதியைக்கூட பிரேம் பிகாரி நாராயண் ராய்ஜாதா கட்டைப் பேனாவில்தான் எழுதினார். ஆறு மாதத்தில் 432 நிப்பு தேய்ந்தது என்பார்கள். ரங்கூன் கிட்டங்கியில் தேய்ந்த நிப்பை எண்ணியவர் யாருமில்லை!

மையை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு, நிப்புக்கு வேண்டிய அளவு மட்டும் இறங்குகிற பேனாவுக்கு அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் 1884-ல் பேடண்டு வாங்கினார். பிறகு வரிசையாக வந்தன பார்க்கர், ஷீபர், இங்கிலாந்து ஸ்வான். துறைமுகப் பட்டணம் எங்கும் இவை விற்றன. மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்புகிற ஏஜெண்டின் பெட்டியில் பட்டு இருக்கும், பர்மா அரக்குப் பெட்டி இருக்கும். சட்டைப் பையில் இப்படி ஒரு பேனா மின்னும். கிளிப் வெளியே தெரியும்படி குத்தினால்தான் கௌரவம்.

1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். நிலம் போச்சு, கடை போச்சு. கையில் அகப்பட்டதோடு ஊர் வந்து சேர்ந்தார்கள். பையில் குத்தியிருந்ததும் கூடவே வந்திருக்கும்.

கொன்றது யார்?

மைப் பேனாவைக் கொன்றது பால்பாயிண்ட் பேனா என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை.

லாஸ்லோ பீரோ என்ற ஹங்கேரிப் பத்திரிகைக்காரர், அச்சு மை சட்டென்று காய்வதைப் பார்த்து, அது மாதிரிக் கெட்டி மையை ஒரு குண்டை உருட்டித் தாளில் தடவினால் என்ன என்று யோசித்தார். 1938-ல் பேடண்டு. 1945-ல் அமெரிக்காவில் ரெனால்ட்ஸ் என்பவர் நியூயார்க் கடையில் விற்பனைக்கு வைத்தபோது ஜனங்கள் முண்டியடித்தார்கள். நம் ஊரில் அது உடனே எடுபடவில்லை. "கையெழுத்து கெட்டுப்போகும்" என்று வாத்தியார்கள் அடித்தார்கள். பாங்கியில் முகம் சுளித்தார்கள்.

மீதிப் பாதி உண்மை கடைக்காரர்களுக்குத் தெரியும். கார்பன் பேப்பர்! ஒரே தடவையில் பில்லும் நகலும் வேண்டும் என்றால் அழுத்தி எழுதணும். மைப் பேனாவை அழுத்தினால் நிப்பு கால் விரித்துவிடும். பால்பாயிண்டை எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். கார்பனுக்கென்றே கெட்டி நிப்பு போட்ட மைப் பேனாக்களும் செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை. பில் புத்தகம் உள்ளே வந்தது, மைப் பேனா வெளியே போனது. அப்புறம் கம்ப்யூட்டர் வந்து பால்பாயிண்டையும் ஓரங்கட்டியது வேறு கதை.

காந்தி எழுதிய பேனா

வெளிநாட்டுப் பேனாதான் பேனா என்று நினைக்க வேண்டாம்.

ஆந்திராவில் ராஜமுந்திரி. அங்கே கே.வி. ரத்னம் என்பவர் சுதேசிப் பேனா செய்யக் கிளம்பினார். செய்த பேனாவைக் கிராமக் கைத்தொழில் சங்கத்து ஜே.சி. குமரப்பா மூலம் காந்திக்குக் கொடுத்தனுப்பினார். குமரப்பா யார்? நம் தஞ்சாவூரில் பிறந்தவர்! காந்தி எழுதிப் பார்த்துவிட்டு, கடையில் விற்கிற அந்நியப் பேனாவுக்கு இது நல்ல மாற்று என்று 1935-ல் ரத்னத்துக்குக் கடிதம் போட்டார்.

பேனா சுதேசி, மை மட்டும் அந்நியமா? அதற்கும் ஆள் இருந்தார்கள். வங்காளத்தில் மைத்ரா சகோதரர்கள் 1934-ல் சுலேகா மையைத் தொடங்கினார்கள். பம்பாயில் தண்டேகர் 1931-ல் மைப்பொடியும் மை வில்லையும் செய்து வீடு வீடாக விற்றார். அதுதான் பிறகு கேமல் மையாக வளர்ந்தது. சுலேகா 1980-களின் கடைசியில் மூடி, பின்னர் மீண்டு, 2020-ல் மறுபடி மை விற்க ஆரம்பித்தது.

இதற்கு நேர்மாறான கூத்து ஒன்று 2009-ல் நடந்தது. மோன்பிளாங்க் என்ற ஐரோப்பியக் கம்பெனி காந்தி பெயரில் தங்கப் பேனா போட்டது. தண்டி யாத்திரை 241 மைல் என்று கணக்குப் பண்ணி 241 பேனா. ஒன்றின் விலை 11 லட்சம் ரூபாய்க்கு மேல்! பென்சில் துண்டைக்கூடத் தூக்கிப் போடாத மனுஷர் பெயரில் இப்படியா என்று கேரள ஐகோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். 2010-ல் இந்தியாவில் விற்பனை நின்றது.

பாரிமுனையும் திருவள்ளூரும்

சென்னை பாரிமுனையில், ஐகோர்ட்டுக்கு எதிர்ப்பக்கம் என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் ஜெம் அண்டு கோ என்ற பேனாக் கடை 1920-களில் தொடங்கியது. வக்கீல், குமாஸ்தா என்று அந்த வட்டாரமே எழுத்துப் பிழைப்பு அல்லவா! முதல்வராக இருந்த கருணாநிதி விரும்பி எழுதியது தடிமனான வாலிட்டி 69 பேனா. அது அந்தக் கடையிலிருந்து போனதுதான்.

(கலைஞர் பேனாவைக் கையைவிட்டு இறக்கமாட்டார். நம் சிறுகூடல்பட்டிக் கண்ணதாசனோ பாட்டைச் சொல்லிக்கொண்டே போவார். பேனா பிடிப்பது உதவியாளர்! இரண்டு மாதிரியும் இருந்திருக்கிறார்கள்.)

திருவள்ளூரில் ரங்கா பேனா. எபோனைட் என்கிற கெட்டி ரப்பர் கோலைக் கடைசல் பட்டறையில் கையால் கடைந்து பேனா செய்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் ரப்பர் துருவலுமாக இருக்கும் பட்டறைப் பேனாவுக்கு அமெரிக்கா, ஐரோப்பாவிலிருந்து ஆர்டர் வருகிறது. உள்ளூரில் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது!

உடனே ஆயிரக் கணக்கில் செலவு என்று பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற கேம்லின் மைப் பேனா நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. எழுத்து அதிலும் வரும்.

சட்டையில் நீலக் குளம்!

மைப் பேனா என்றதும் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது இரண்டு. ஒன்று, பெஞ்சில் சொட்டுவிட்டு "நாளைக்குத் திருப்பித் தந்துடணும்" என்று பக்கத்துப் பையனுக்குக் கொடுத்த கடன் மை. மற்றொன்று, சட்டைப் பையில் நீலக் குளம்.

இந்தக் குளம் ஏன் வருகிறது? பேனா மட்டம் என்று வைய வேண்டாம். காற்றுதான் காரணம்.

மை குறையக் குறைய உள்ளே காற்று சேர்கிறது. செட்டிநாட்டு வெயில் தெரியுமே! வெயிலும் உடம்புச் சூடும் பட்டால் காற்று விரியும். விரிந்த காற்று மையைப் பிடித்து வெளியே தள்ளும். நாக்கட்டையில் இருக்கும் பள்ளங்கள் கொஞ்சம் மையைத் தாங்கும். அதற்குமேல் தாங்காது, பொட்டென்று சொட்டும். நிறைய மை இருக்கும்போது காற்றுக்கு இடமில்லை, சொட்டாது. ஆகவே மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே மறுபடி ஊற்றிவிட வேண்டும். இதுதான் சூட்சுமம். "தீரட்டும், ஊற்றலாம்" என்று இருந்தால் வண்ணான் கணக்கு ஏறும்.

கழுத்துத் திருகில் கசிந்தால் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. வேண்டாம். நாளானால் சிக்குப் பிடிக்கும், மையிலும் கலக்கும். சிலிக்கான் கிரீஸ் பொட்டு வைத்தால் போதும்.

பெட்டியில் கிடந்த பழைய பேனா என்றால் இன்னும் நிதானம் தேவை. பல்லால் கடித்துத் திருகும் பழைய வழக்கம் கூடவே கூடாது. வெந்நீரும் ஆகாது, எபோனைட் நிறம் வெளுத்து, கறுப்புப் பேனா காப்பிப் பொடி கலராகிவிடும். குழாய்த் தண்ணீரில் நிப்பை மட்டும் ராத்திரி பூராவும் வைத்தால், காய்ந்த மை நூல் நூலாக இறங்குவது கண்ணுக்கே தெரியும். மறுநாள் வேறு தண்ணீர். பொறுமைதான் மருந்து.

உள்ளே ரப்பர் பை வைத்த பேனாவாக இருந்தால், அந்த ரப்பர் இத்தனை வருஷத்தில் அப்பளமாக நொறுங்கியிருக்கும். பக்கவாட்டில் இருக்கும் பித்தளைத் தூக்கியை வேகமாக இழுத்தால் உள்ளே கட்டியாகிப்போன ரப்பர் தடுத்து, தூக்கியே முறியும். பை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

மையிலும் ஜாக்கிரதை வேண்டும். படம் வரைகிற அழியாத கறுப்பு மையை ஊற்றினால் உள்ளே தார் ரோடு போட்ட மாதிரி இறுகிவிடும். பேனாவுக்கென்று விற்கிற மைதான் ஊற்ற வேண்டும். இரண்டு கம்பெனி மையைக் கலந்தால் சில சமயம் உள்ளேயே திரிந்துபோகும்.

பேனாவை இரவல் கேட்டால் "அது என் கைக்குத்தான் எழுதும்" என்று சொல்கிறவரைக் கஞ்சன் என்று நினைக்க வேண்டாம். பல வருஷம் ஒரே சாய்வில் எழுதினால் நுனி அந்தச் சாய்வுக்கே தேய்ந்திருக்கும். வேறு கையில் கீறத்தான் செய்யும்.

போலி ஜாக்கிரதை!

பர்மாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்காக 1969-ல் சென்னையில் பர்மா பஜார் வந்தது. அந்த நாளில் அந்நியச் சாமான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். சீனத்து ஹீரோ பேனாவை வாங்காத காலேஜ் மாணவர் குறைவு. 1941-ல் வந்த பார்க்கர் 51-ன் சாயலில், நிப்பை மூடிய மூக்கோடு செய்த பேனா அது. ஹீரோ நன்றாக ஓடியதும் ஹீரோவுக்கே போலி வந்துவிட்டது!

ஆகவே பழைய பேனா வாங்குகிறவர் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. எழுத்து வெட்டு கூர்மையா, மூடி ஒரே பிடியாகத் திருகுகிறதா, நிப்பு ஒரு பெயரும் உடம்பு வேறு பெயருமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிப்பைத் தண்ணீரில் தொட்டு ஒரு கோடு இழுக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை. தண்ணீர்க் கோடு அறுந்து அறுந்து வந்தால் விலையைக் குறைக்கலாம்.

சேர்த்து வைப்பது செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதை எல்லாம் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்தார். அவர் 1992-ல் காலமான பிறகு அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அதைப் பணம் கொடுத்து வாங்கியது. சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக அது நிற்கிறது. அவர் சேர்த்த காகிதங்களில் கையெழுத்து உள்ள எத்தனையோ தாள், இதே மாதிரி ஏதோ ஒரு நிப்பில் எழுதியதுதான்.

இசைகுடிமானம் எழுதுகையில்...

இனி மைப் பேனாவுக்கு வேலை எங்கே என்று கேட்கலாம். வேலை இருக்கிறது.

நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் எழுதும் வழக்கம் இன்னும் விடவில்லை. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, இன்ன ஊர், இன்ன கோவில் என்று எழுதி இரு தரப்பும் ஒப்புகிற ஏடு அது. முன்னாளில் பனையோலை, இப்போது காகிதம். மொய்ப்பண ஏடும் கையெழுத்துத்தான்.

வளவில் பாய் விரித்து, சம்மணம் போட்டு எழுத உட்கார்ந்ததும் யாராவது சட்டைப் பையிலிருந்து மூன்று ரூபாய் பால்பாயிண்டை நீட்டுவார்கள். அந்த இடத்தில்தான் ஐயா பேனா வெளியே வர வேண்டும். முதல் நாள் ராத்திரியே கழுவி, நீல மை நிரப்பி, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்த்து வைத்திருந்தால் காலையில் மக்கர் பண்ணாது.

எழுதி முடித்ததும் ஏட்டை உடனே மடிக்கக் கூடாது. மை காய அரை நிமிஷம் ஆகும். ஒற்றுத்தாள் இல்லாவிட்டால் விசிறியால் வீசினாலும் சரிதான்.